ஊட்டுல எத்தனை பேருங்க

வாங்க அம்மணி, உள்ள வாங்க. ஏன் வாசல்லயே நின்னுட்டீங்க? ஒறம்பரை, விருந்தாளின்னு யாரும் வரலீங்க. அந்தத் தோல் செருப்பு என்றது, நான் போடறது. பக்கத்துல இருக்கற வெள்ளை ஷூ என்ற சம்சாரத்தோடது. ரெண்டே ஜோடிதான். உங்க செருப்பையும் அதுங்ககூடயே உடுங்க. ஓரமா வேண்டாமுங்க, பக்கத்துலயே உடுங்க. ஆங், அப்பிடித்தான்.

மக்கள் கணக்கெடுக்க வந்தீங்களா? டீச்சருங்களா? எந்தப் பள்ளிக்கூடம்? செரி செரி, ரயில்வே கேட்டுக்கு அக்கட்ட இருக்கறது. இந்த வெயில்ல ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. அந்தச் சேர்ல உக்காருங்க, ஃபேன் காத்து நல்லா வரும். மோரு கொண்டாறேன்.

பேனா எழுத மாட்டேங்குதுங்களா? இந்தாங்க, இதுல எழுதுங்க. பெர்லின்ல வாங்குனது. மூடியைப் புடிச்சு இழுக்கக் கூடாது, திருகித் தொறக்கோணும். ஒம்பது வருசமாச்சு, ஒரு தடவை கூட மக்கர் பண்ணதில்ல.

எழுதிக்குங்க. பேரு திருமூர்த்தி. வயசு அறுபத்தி மூணு. மோட்டார் கம்பெனில ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். கொழந்தைங்க இல்ல. ஊட்டுல மொத்தம் ரெண்டு பேர்.

இல்லீங்க, அவ இப்ப இங்க இல்ல. தாராபுரத்துல அவ தம்பி ஊட்டுக்குப் போயிருக்கறா. வந்துருவா. எத்தனை நாளாச்சுங்களா? அதெல்லாமா அந்தக் காயிதத்துல கேட்டிருக்குது? ஆறு மாசத்துக்கு மேல இல்லாதவங்களை எழுதக் கூடாதுன்னா எப்பிடீங்க. இது அவ ஊடு. அவ ஷூ வாசல்ல இருக்குது. பாத்தீங்கல்ல?

நீங்க எழுதறதை எழுதுங்க, நான் குறுக்க வரல. மொதல்ல மோரைக் குடிங்க. ஆள் எண்ண வர்றது எனக்கொண்ணும் புதுசில்லீங்க. பெர்லின்லயும் ஒருத்தன் வந்து என்ற ஊட்டுல ஆள் எண்ணிட்டுப் போனான். அதைச் சொல்றேன், அப்பறம் ஒண்ணா ரெண்டான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நான் அங்க ஏழு மாசம் இருந்தவனுங்க. சுத்திப் பாக்கப் போகல, குடியிருந்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. சுத்திப் பாக்கறவன் கழுத்துல கேமராவைத் தொங்கப் போட்டுக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டே நடப்பான். நான் உள்ளூர்க்காரனாட்ட குனிஞ்சுட்டு வெசையா நடப்பேன். கையில ஒரு துணிப்பை, அதுல ரொட்டி. ரோட்டுல ஒரு வண்டி இல்லாட்டியும் செவப்பு வெளக்கு எரிஞ்சா நிப்பேன். ஒரு நாளு அந்த ஊரு அம்மா ஒருத்தங்க எங்கிட்ட வந்து வழி கேட்டாங்க. எங்கிட்டங்க. நேராப் போயி சோத்துக்கைப் பக்கம் திரும்போணும்னு கையைக் காட்டி அனுப்பிச்சேன். அந்த அளவுக்கு நான் அந்த ஊர்க்காரனாயிட்டேன்.

கம்பெனில காயில் சுத்தறதுக்குப் புது மெஷின் வாங்குனாங்க. அதை ஓட்டப் பழகிட்டு வர ஒரு ஆளை அனுப்போணும். முப்பது வருசமா மோட்டாருக்குக் காயில் சுத்துனவன் நான், என்னையத்தான் அனுப்பிச்சாங்க. சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போ, டிக்கெட் நாங்க தர்றோம்னு மேனேஜரே சொன்னாரு. விசா ரெண்டு பேருக்கும் வந்துருச்சு. அவ பேரு கனகமணி. சொன்னனுங்களா? இல்லியா, செரி.

விசா வந்த அன்னைக்கே அவ ஒப்பணக்கார வீதிக்குப் போயி ஒரு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கியாந்தா. பொறந்ததுல இருந்து ஷூ போட்டதில்லீங்க. குளிர் ஊருக்குச் செருப்பு ஆகாதுன்னு எதுத்த ஊட்டுல சொல்லியிருக்காங்க. சேலைக்குக் கீழ அதைப் போட்டுக்கிட்டு ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து பழகினா. ஊட்டுக்குள்ள என்னடி ஷூவுன்னு சத்தம் போட்டேன். "இது இன்னும் தெருவை மிதிக்கலீங்க, சுத்தமாத்தான் இருக்குது"ன்னா. பெர்லின்ல எறங்கித்தான் மொத மொதல்ல மண்ணை மிதிக்கோணும்னு வெச்சிருந்தாளாம். சிரிப்பா இருந்துச்சு எனக்கு.

பெட்டி கட்டற நேரத்துல எனக்கு ரோசனை வந்துருச்சுங்க. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. குளிரு தாங்க மாட்டா. நான் வேலைக்குப் போயிட்டா நாலு செவுத்துக்குள்ள தனியா என்ன பண்ணுவா? பைத்தியம் புடிச்சிராதா? அப்பறம் அங்க போயி அவளைப் பாக்கறதா, மெஷினைப் பாக்கறதா? நீ இங்கயே இரு, நான் போயிட்டு வந்தர்றேன்னு சொல்லிட்டேன். அவ நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அவளும் செரிங்கன்னா. கட்டுன நாள்ல இருந்து அவ செரிங்கன்னுதான் சொல்லியிருக்கறா, எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. என்ற பெட்டியையும் அவதான் கட்டுனா.

பெர்லின்ல எனக்குக் குடுத்த ஊடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்ல, எம்பத்தி நாலு படி. அங்க கதவுக்கு நம்பர் கெடையாதுங்க, பெல்லுக்குப் பக்கத்துல பேருதான். என்ற கதவுல இருந்தது அந்த ஊட்டுக்காரப் பொண்ணு பேரு. அது வேற ஏதோ ஊருக்கு வேலைக்குப் போயிட்டு, சாமான் சட்டோட வாடகைக்கு உட்டிருந்துச்சு. அது கீழ என்ற பேரை எழுதி ஒட்டுனேன். அந்தச் சின்ன எடத்துல திருமூர்த்தி முழுசா அடங்கல, பாதிலயே நின்னு போச்சு.

பெட்டியைப் பிரிச்சா, அடியில பேப்பர் சுத்துன பொட்டலம். அந்த வெள்ளை ஷூ. மறந்து வெச்சுட்டா போலன்னு நெனச்சேன். நாம என்ன பண்ணுவோம், செருப்பை வாசலுக்கு வெளிய உடறதுதான நம்ம பழக்கம். என்ற ஷூவைக் கதவுக்கு வெளிய உட்டிருந்தேன், அதுக்குப் பக்கத்துல இதையும் வெச்சேன். அதென்னமோ, ரெண்டு ஜோடி பக்கம் பக்கமா இருந்தப்பறம்தான் அது ஒரு ஊட்டு வாசலாட்ட இருந்துச்சுங்க.

எதுத்த கதவுல ஒரு அம்மா இருந்தாங்க. நோவாக்னு பேரு. எழுபத்தாறு வயசு, ஒண்டிக்கட்டை. அந்தக் காலத்துல டிராம் ஓட்டுனவங்களாம். கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சம் கை ஜாடை. நான் போயி ஒரு வாரம் இருக்கும், படியில பாத்தப்ப வெள்ளை ஷூவைக் காட்டி, "உங்க மனைவியும் வந்திருக்காங்களா?"ன்னாங்க.

ஆமான்னுட்டேன்.

ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலீங்க. இல்லைன்னு சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். நான் பொய் பேசற ஆளில்ல, கம்பெனில யாரை வேணா கேட்டுப் பாருங்க. அந்த அம்மா மொகம் மலந்து போச்சு. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கதவைத் தட்டி ஒரு தட்டு குடுத்தாங்க. ஆப்பிள் போட்ட கேக்கு, ரெண்டு துண்டு. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் காப்பியும் கேக்கும் சாப்பிடறது அங்க வழக்கம். உங்களுக்கொண்ணு, அவங்களுக்கொண்ணுன்னு வெரலைக் காட்டுனாங்க. அவ குளிச்சுட்டிருக்கறான்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். ரெண்டையும் நானே தின்னேன்.

அப்பறம் வாராவாரம் வந்துச்சுங்க. ஒரு வாரம் அவளுக்குத் தலைவலி. ஒரு வாரம் கடைக்குப் போயிருக்கறா. ஒரு வாரம் வெளியாளுங்க முன்னால வர்றதுக்கு அவளுக்குக் கூச்சம். தட்டைக் கழுவி வெறுந்தட்டாக் குடுக்க முடியுங்களா? ரவையை வறுத்து கேசரி கிண்டுனேன். அடிப் புடிச்சுப் போச்சு. மேலாப்பல எடுத்து வெச்சு, என்ற சம்சாரம் செஞ்சதுன்னு குடுத்தேன். அந்த அம்மா அங்கயே ஒரு வாய் போட்டுப் பாத்துட்டு, ரொம்ப நல்லா இருக்குதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்கன்னாங்க. சொல்றேன்னேன்.

என்னடா இந்த மனுசன் தனியா கெடந்து தவிச்சுட்டானோன்னு நெனச்சுக்காதீங்க. தனியா இருக்கறதெல்லாம் என்னைய ஒண்ணும் பண்ணாதுங்க. காத்தால ஆறு மணிக்கு வேலை, ரெண்டு மணிக்கு முடிஞ்சுரும், மூணு மணிக்கு ஊடு. அங்க கொரியர்காரன் வர்றப்ப ஆள் இல்லாட்டி, பக்கத்து ஊட்டுல குடுத்துட்டுப் போயிருவான். அந்தக் கட்டடத்துல பொழுதோட ஊட்டுல இருக்கற ஆளு நான் ஒருத்தன்தான். அதனால எல்லார்த்து பார்சலும் எங்கிட்டத்தான் வரும். நானே எறங்கிப் போயிக் குடுத்தரலாம். ஆனா குடுக்க மாட்டேன், அவிய ஏறி வரட்டும்னு இருப்பேன். எம்பத்தி நாலு படி ஏறி வந்து, டாங்கேன்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போவாங்க. நன்றின்னு அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு. அதுக்காக நான் தலையெல்லாம் சீவிட்டுத்தான் கதவைத் தொறப்பேன்.

சனி ஞாயிறுதான் கொஞ்சம் சங்கட்டம். ஞாயித்துக்கிழமை ஒரு கடை கெடையாது. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மெஷினை நிறுத்துனா, அந்தக் கேக்குத் தட்டு வாங்கற ரெண்டு நிமிசத்தைத் தவுத்து நாலு வார்த்தை நாயம் பேச ஒரு ஆளிருக்காது. ஒரு தடவை அந்த அம்மா அவங்க தங்கச்சி ஊருக்குப் போயிட்டாங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போயி குட் மார்னிங் சொல்ல வாயைத் தொறந்தா சத்தமே வரல. தொண்டை துருப்புடிச்சாப்பல ஆயிருச்சு. ரயில்ல ஒரு மணி நேரம் போனா இலங்கைத் தமிழர் கடை ஒண்ணு இருந்துச்சு, நல்ல மனுசங்க. ஆனா போனா, ஃபேமிலி எங்க அண்ணைன்னு கேப்பாங்க. ரெண்டு தடவையோட போறதை நிறுத்திட்டேன்.

அப்பத்தானுங்க இன்னொரு காரியம் பண்ணுனேன். அந்த ஊருல, தேவையில்லாத சாமானை ஒரு பெட்டில போட்டுத் தெருவோரம் வெச்சுருவாங்க, வேணுங்கறவன் எடுத்துக்கலாம். ஒரு நாளு ஒரு பெட்டில கறுப்பு ஷூ ஒண்ணு கெடந்துச்சு, ஆம்பளைங்க போடறது, நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்துட்டு வந்தேன். அப்பறம் முழங்கால் வரைக்கும் வர்ற செவப்பு பூட்ஸ் ஒரு ஜோடி. அப்பறம் ஒரு கொழந்தை ஷூ, நீலக் கலரு, இத்தினியூண்டு. சனிக்கிழமை காத்தால அதையெல்லாம் வாசல்ல கலைச்சு உடுவேன். ஒறம்பரை வந்து அவசரத்துல கழட்டி உட்டுட்டு உள்ள போனாப்பல. அஞ்சு ஜோடி. திங்கக்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னால எடுத்து உள்ள வெச்சுருவேன். அந்தக் கொழந்தை ஷூவை மட்டும் செல வாரம் புதன்கிழமை வரைக்கும் வெளியவே வெச்சிருந்திருக்கறேன்.

நீங்க ஏனுங்க மூடியைத் திருகி மூடிட்டீங்க? செரி, மை காஞ்சுரும், மூடிக்குங்க.

கனகமணிகிட்ட வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபோன்ல பேசுவேன். எப்பிடிங்க இருக்கறீங்கம்பா. நானா, உள்ளூர்க்காரனாயிட்டேன், ஆளுங்க ஊட்டுக்கு வர்றதும் போறதுமா இருக்கறாங்க, பேச நேரமில்லைம்பேன். அவ சங்கட்டப்படக் கூடாதுன்னுதானுங்க அப்பிடிச் சொன்னது. ஒரு தடவை அவ சொன்னா, "உங்க பழைய செருப்பை எடுத்து வாசல்ல போட்டு வெச்சிருக்கறனுங்க. ஒரே ஒரு ஜோடி கெடந்தா தனியா இருக்கறான்னு தெரிஞ்சு போகுது." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பட்டப்பகல்ல உன்னைய எந்தத் திருடன் வந்து தூக்கிட்டுப் போகப் போறான்னு கேட்டேன். "திருடனுக்கு இல்லீங்க"ன்னா. பொம்பளைங்களுக்கு இப்பிடித்தான், காரணமில்லாம ஒரு பயம்.

இன்னொரு நாளு, அவ மனசு கொஞ்சம் கலகலப்பாகட்டும்னு இந்த ஷூ கதையைச் சொன்னேன். உன்ற ஷூவை வாசல்ல வெச்சிருக்கறேன், இங்க எல்லாரும் நீயும் எங்கூட இருக்கறதா நெனச்சுட்டு இருக்காங்க, உனக்கு வாராவாரம் கேக்கு கூட வருதுன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். லைன் கட்டாயிருச்சோன்னு அலோ அலோன்னேன். அப்பறம் சொன்னா, "செரிங்க. அப்பிடியாச்சும் கூட்டிட்டுப் போனீங்களே." நல்லா தமாசாப் பேசுவா. அதுக்கப்பறம் அவளா ஃபோன் பண்ணல, நான் பண்ணுனா எடுப்பா. வேலையா இருந்திருப்பா.

டிசம்பர் மாசம், நல்ல பனி. ஒரு லெட்டர் வந்துச்சு. கட்டடத்தைப் பாத்துக்கற ஆபீசுல இருந்து. வேலை எடத்துல குடுத்துப் படிக்கச் சொன்னா, படிச்சவன் என்னைய ஒரு மாதிரி பாக்கறான். ஒரு ஆளுக்குத்தான் ஊடு குடுத்திருக்குது, நீங்க கொழந்தை குட்டியோட அஞ்சு பேரு தங்கியிருக்கறதாப் புகார் வந்திருக்குது, வியாழக்கிழமை நாலு மணிக்கு ஆள் வந்து பாக்கும்னு போட்டிருக்குதாம். கீழ் மாடிக்காரன் எழுதிப் போட்டிருக்கறான். அங்க படிக்கட்டுல செருப்பே உடக் கூடாதாம், தீப்புடிச்சா ஓடறப்ப தடுக்கும்னு சட்டம். அது எனக்கென்ன தெரியும்?

பயந்துட்டனுங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா பாதிலயே ஊருக்கு ஏத்தி உட்டுருவாங்க. முப்பது வருசப் பேரு போயிரும். அதை உடப் பெரிய கண்டம் நோவாக் அம்மா. வர்றவன் கிட்ட ஊட்டுல நான் ஒருத்தன்தான்னு சொல்லோணும். எதுத்த கதவு தொறந்துதான் இருக்கும். மூணு மாசமா அவளுக்குத் தலைவலி, அவ குளிக்கறா, அவ செஞ்ச கேசரின்னு சொன்னதெல்லாம் என்ன ஆகறது? ஒண்ணு கம்பெனி போகோணும், இல்லாட்டி மானம் போகோணும்.

நாலு மணிக்கு டான்னு வந்துட்டான். நெட்டையா ஒரு ஆளு, கையில ஒரு அட்டை, அதுல காயிதம், உங்களாட்டத்தான். வாசல்ல இருந்த ஷூவை மொதல்ல எண்ணுனான். நோவாக் அம்மா பாப்பாங்கன்னு அன்னைக்கு ரெண்டு ஜோடி மட்டும் வெச்சிருந்தேன், மிச்சத்தை அலமாரிக்குள்ள ஒளிச்சுட்டேன். உள்ள வந்தான். பாத்ரூம்ல ஒரு டூத் பிரஷ். ஒரு துண்டு. சிங்க்ல ஒரு டம்ளர், ஒரு தட்டு. கட்டல்ல ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்துச்சு. அலமாரியைத் தொறந்தான், கறுப்பு ஷூ, செவப்பு பூட்ஸ், நீல ஷூ. என்னைய ஒரு பார்வை பாத்தான். கொழந்தை எங்கன்னு கேட்டான்.

கொழந்தை இல்லைன்னேன்.

மனைவி எங்கன்னான். நான் திரும்பிப் பாக்கறேன், நோவாக் அம்மா என்ற வாசல்ல வந்து நிக்கறாங்க. கையில கேக்குத் தட்டு இல்ல, சும்மாதான் நிக்கறாங்க. வாயில பொய்யெல்லாம் தயாரா இருந்துச்சுங்க. கடைக்குப் போயிருக்கறான்னு சொல்ல வேண்டியதுதான். சொன்னா ரெண்டு பேருன்னு எழுதிக்குவான். அந்த ஆளு மறுக்காவும் கேட்டான். யாருமில்ல, நான் ஒருத்தன்தான், வந்ததுல இருந்து ஒருத்தன்தான்னு சொன்னேன். தலையைத் தூக்கவே முடியல. சொன்னப்பறம் அழுகை வந்துருச்சுங்க. அம்பத்தி நாலு வயசு ஆம்பளை, ரெண்டு வெள்ளைக்காரங்க முன்னால, ஏங்கி ஏங்கி அழுதேன். அந்த நெட்டைக்காரன் பாவம், அட்டையை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னான்.

நோவாக் அம்மா உள்ள வந்து அவங்க பாஷைல என்னமோ சொன்னாங்க. நாலே வார்த்தைதான். அவன் தலையை ஆட்டிக்கிட்டு, காயிதத்துல ஒரு கோடு போட்டுட்டு, ஷூவை மட்டும் உள்ள வெச்சுக்கங்கன்னு பதனமாச் சொல்லிட்டுப் போயிட்டான்.

என்னங்கம்மா சொன்னீங்கன்னு கேட்டேன். இவர் ஒருத்தர்தான், எனக்கு முன்னாலயே தெரியும்னு சொன்னேன்னாங்க. எப்பிடித் தெரியும்னேன். அந்த வெள்ளை ஷூவைக் கையில எடுத்து, குப்பறக் கவுத்து, அடியைக் காட்டுனாங்க. "ரெண்டு மாசமா மழை, இப்பப் பனி. உங்க ஷூ தெனமும் நனைஞ்சிருக்குது. இது ஒரு நாளும் நனையல." அதைத் திருப்பி அதே எடத்துல, அதே மாதிரி வெச்சாங்க.

அப்பறம் எதுக்கு வாராவாரம் ரெண்டு துண்டு குடுத்தீங்கன்னு கேட்டேன். அந்த அம்மாவுக்கு நான் கேக்கறது வெளங்கவே இல்லீங்க. "நீங்க ரெண்டு பேருன்னு சொன்னீங்களே"ன்னாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை கதவைத் தட்ட மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். மூணு மணிக்குத் தட்டுனாங்க. தட்டுல ரெண்டு துண்டுதான் இருந்துச்சு. நான் ஊருக்குக் கெளம்பற வரைக்கும் அப்பிடியேதான். ஷூவை உள்ள வெச்சுக்கிட்டேன், ஆனா கேக்கு ரெண்டுதான். பெர்லின்ல கோட்டை இருக்குது, ஆறு இருக்குது, பெரிய பெரிய கட்டடமெல்லாம் இருக்குது. எனக்கு அந்தத் தட்டுதானுங்க நெனப்பு வருது.

மார்ச் மாசம் வந்து எறங்குனேன். கனகமணிக்குச் சாக்லேட்டு, ஒரு ஸ்வெட்டர், எல்லாம் வாங்கியாந்தேன். வந்து பாத்தா ஊடு பூட்டியிருக்குது. வாசல்ல என்ற பழைய செருப்பு மட்டும் கெடக்குது. எதுத்த ஊட்டுல சாவி குடுத்துட்டு, அம்மணி தாராபுரம் போயி ஒரு மாசமாச்சுங்கன்னாங்க. ஃபோன்ல பேசறப்பக் கூட எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. நான் என்ன குத்தம் பண்ணுனேன்? குடிச்சனா, அடிச்சனா? வேலைக்குப் போனேன், வந்தேன். வந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. இதை யாருகிட்டப் போயிச் சொல்றது?

அந்த வாரமே தாராபுரம் போனேன். மச்சினன் ஊட்டுல நல்லாத்தான் கவனிச்சாங்க, எலை போட்டுச் சோறு. கனகமணிதான் பரிமாறுனா. கெளம்புன்னேன். "எனக்கு இங்க பழகிப் போச்சுங்க"ன்னா. ஒரு மாசத்துல என்ன பழக்கம்? ஆறு மாசம் அந்த ஊட்டுல தனியா இருந்து பாத்துட்டேன், இனி முடியாதுங்கன்னா. நான் கூடத்தான் ஏழு மாசம் இருந்தேன், நான் என்ன ஓடியா போயிட்டேன்? கொண்டு போன ஷூவை எடுத்து முன்னால வெச்சேன். உன்றது, பத்தரமாக் கொண்டாந்திருக்கறேன், போட்டுட்டு வான்னேன். அவ அதைப் பாத்தா. கையில எடுத்து, அடியைத் திருப்பிக் கூடப் பாத்தா. அப்பறம் எங்கிட்டயே நீட்டி, "இதை ஊட்டு வாசல்லயே போட்டு வெச்சுக்குங்க. பாக்கறவங்க நான் இருக்கறதா நெனச்சுக்குவாங்க"ன்னா.

அவளே சொன்னதுங்க. வராதவ அப்பிடிச் சொல்லுவாளா? எடத்தைப் புடிச்சு வெக்கச் சொல்றா, பஸ்ல துண்டு போட்டு வெக்கறாப்பல. அப்பறம் நான் கூப்பிடப் போகல. கோவம் தணிஞ்சா தானா வருவான்னு உட்டுட்டேன். ஒம்பது வருசம்னா உங்களுக்குப் பெருசாத் தெரியும். எங்களுக்குக் கண்ணாலமாயி முப்பத்தி நாலு வருசமாச்சு, அதுல இது என்ன பெரிய கணக்கு?

இருங்க, போகறதுக்கு அவசரப்படாதீங்க. அந்த ஷூவை எடுத்தாறேன், கையில புடிச்சுப் பாருங்க. அடியைப் பாருங்க. மண்ணு இருக்குதா? ஓரமெல்லாம் தேஞ்சிருக்குதா? மழை பேஞ்சா வெளிய எடுத்து நனைய உடுவேன். வாரத்துக்கு ஒருக்கா கொல்லைல கொண்டு போயி, கையில மாட்டிக்கிட்டு மண்ணுல நடக்க உடுவேன், ரெண்டு ரவுண்டு. நோவாக் அம்மாகிட்டக் கத்துக்கிட்டது. இப்ப எவன் வந்து கவுத்துப் பாத்தாலும் நேத்துக் கூட நடந்த ஷூன்னுதான் சொல்லுவான். நீங்களே சொல்லுங்க, இது ஆளில்லாத ஷூவாட்டவா இருக்குது?

அதனாலதான் சொல்றேன், ரெண்டுன்னு எழுதுங்க.

என்னங்க அம்மணி? அவ பேருங்களா? கனகமணி. இனிஷியலுக்கு என்ற பேருதான், டி போடுங்க. வயசு அம்பத்தி ஏழு. இல்ல, ஆடி வந்தா அம்பத்தி எட்டு. படிப்பு பத்தாவது, கணக்குல நல்ல மார்க்கு வாங்குனவ. தாய்மொழி தமிழ்தான். தொழிலுங்களா? ஊட்டு வேலைதான், ஆனா நல்லாத் தைப்பா, தையல்னே போட்டுக்கலாம். ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மொழங்கால் வலி இருந்துச்சு, இப்ப எப்பிடி இருக்குதோ.

அதையும் கேளுங்க. வேற என்ன இருக்குது?

மூடியை இன்னும் திருகவே இல்லீங்களே நீங்க. கேக்கறீங்க, தலையை ஆட்டறீங்க, பேனா மூடி போட்டமேனிக்கே இருக்குது.

பரவால்லீங்க. மூடியே இருக்கட்டும். நீங்க அடுத்த கேள்வியைக் கேளுங்க, அவளைப் பத்தி. நான் சொல்றேன்.